இரத்தத்தில் நுண்புழு தெரிந்தால் அது இதயப்புழுதானா? கீழ்மலை நாய்களுக்கான பரிசோதனை, சிகிச்சை, தடுப்பு

கேள்வி: கீழ்மலைத் தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிக்கு அருகில் காப்பி, மிளகு, மலைவாழை பயிரிடும் சிறு தோட்டம் எங்களுடையது. வீட்டுக்கும் தோட்டத்துக்குமாக மூன்று நாய்களை வளர்த்து வருகிறோம். மூத்தது ஐந்து வயது ஆண் நாய், இராஜபாளையம் கலப்பு, எடை 20 கிலோ. அது முன்போல் உண்ணாமல் சோர்ந்து கிடந்ததால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று கருதிச் சமவெளியில் உள்ள ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர், உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, இரத்தத்தில் நுண்புழுக்கள் நெளிகின்றன என்றும், அது இதயப்புழுவாகவே இருக்கும் என்றும், அதற்கான சிகிச்சை நீண்டது, ஆபத்தும் உடையது என்றும் சொன்னார். நானும் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தேன். சிவப்பணுக்களைத் தள்ளிக்கொண்டு மெல்லிய புழுக்கள் துள்ளுவது தெளிவாகத் தெரிந்தது.

மாத்திரை தொடங்கிய பிறகு நாய் பழையபடி உண்கிறது. இருமல் இல்லை. இரவில் காட்டுப்பன்றி வந்தால் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு ஓடுகிறது. வயிற்றுப் பக்கத்தில் தோலுக்கு அடியில் சிறு கட்டி ஒன்று இருக்கிறது. தொட்டால் வலிப்பதாகத் தெரியவில்லை. இவ்வளவு நலமாகத் தோன்றும் நாயின் இதயத்தில் புழு இருக்க முடியுமா?

பக்கத்துத் தோட்டத்து அண்ணன், மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியில் சிறிது போட்டால் எல்லாப் புழுவும் ஒழியும் என்கிறார். அவர் தம் நாய்களுக்குச் சொறிக்காக அப்படிப் போட்டிருக்கிறாராம். வேறு சிலர், மலைக் குளிரில் இந்த நோயே வராது, இரத்தத்தில் கண்டது வேறு ஏதோ என்கிறார்கள். மற்ற இரண்டு நாய்களில் ஒன்று இரண்டு வயதுப் பெண் நாய், இன்னொன்று மூன்று மாதக் குட்டி. அவற்றுக்கு இது ஒட்டிக்கொள்ளுமா, வீட்டில் உள்ள குழந்தைகளுக்கு ஏதேனும் ஆபத்து உண்டா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.


பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பெரியகுளம்

தம்பிக்கு வணக்கம். நாய் உண்கிறது, ஓடுகிறது, இருமல் இல்லை என்பதால் முறையாகப் பரிசோதிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எந்தப் புழு என்று உறுதியாகும்வரை எந்தப் புழுக்கொல்லியையும் கொடுக்க வேண்டாம். இரத்தச் சொட்டில் நுண்புழு தெரிந்தது என்பது உண்மையான செய்தி. அதை வைத்து இதயப்புழு என்று முடிவு கட்டுவதற்கு, குறிப்பாக நம் தென்னகத்தில், போதிய ஆதாரம் இல்லை.

நாயின் இரத்தத்தில் நுண்புழுக்களை, அதாவது தம் குஞ்சுப் புழுக்களை, விடும் புழுக்கள் பல வகை. இதயப்புழு எனப்படுவது டைரோஃபிலேரியா இமிட்டிஸ். அதன் வளர்ந்த புழுக்கள் நுரையீரல் தமனியிலும் இதயத்தின் வலப்பக்க அறைகளிலும் வாழ்கின்றன. பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். நாயின் உடலில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உயிரோடிருக்கும். அதன் நெருங்கிய உறவான டைரோஃபிலேரியா ரெப்பென்ஸ் தோலுக்கு அடியில் வாழ்கிறது. இதயத்துக்கோ நுரையீரலுக்கோ அதனால் கேடு இல்லை. பல நாய்களில் அது எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. சிலவற்றில் அரிப்பும் தோலடிக் கட்டிகளும் தோன்றும். கேரளத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் நாய்களின் இரத்தத்தில் அடிக்கடி காணப்படுவது இந்த ரெப்பென்ஸ் வகையே. இந்தியாவில் இதயப்புழு மிகுதியாகப் பதிவாகியுள்ள பகுதி அசாம், மிசோரம் முதலிய வடகிழக்கு மாநிலங்கள் ஆகும். இவை தவிர, தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் அகாந்தோகைலோனீமா ரெகாண்டிட்டம் என்ற வகையும் உண்டு. அது பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாத புழு. மூன்றின் நுண்புழுக்களும் ஈரமான கண்ணாடிச் சில்லில் நெளியும்; அதை மட்டும் பார்த்து வகையை உறுதி செய்ய முடியாது. உங்கள் நாயின் வயிற்றுப் பக்கக் கட்டியைப் பற்றிப் படித்தவுடன் எனக்கு ரெப்பென்ஸ் நினைவுதான் வந்தது. ஆனால் நேரில் பாராமல் அதை உறுதியாகச் சொல்லக் கூடாது.

ஆகவே இரண்டு பரிசோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒன்று இதயப்புழு ஆன்டிஜென் சோதனை. வளர்ந்த பெண் இதயப்புழு வெளியிடும் புரதத்தை இது கண்டறிகிறது. சில சொட்டு இரத்தம் போதும், சில நிமிடங்களில் முடிவு தெரியும். மற்றொன்று நாட் முறைச் சோதனை. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தை இரண்டு சதவீத ஃபார்மலினில் கலந்து, சுழற்றிப் படியவைத்து, மெத்திலீன் நீலச் சாயமிட்டு, நுண்புழுவின் நீளத்தையும் தலை, வால் அமைப்பையும் அளந்து வகை பிரிப்பார்கள். இமிட்டிஸ் நுண்புழு ஏறக்குறைய 300 மைக்ரான் நீளமுடையது, ரெப்பென்ஸ் அதைவிடச் சற்று நீளமானது, ரெகாண்டிட்டம் குட்டையானது. நுண்புழுக்கள் மாலையிலும் இரவிலும் வெளிப்புற இரத்த ஓட்டத்தில் மிகுவதால், மாலை நேரத்தில் இரத்தம் எடுப்பது நல்லது. தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று அவற்றில் ஒன்றை அணுகலாம்.

ஆன்டிஜென் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கொசு கடித்து இளம்புழு உள்ளே சென்ற நாளிலிருந்து அது வளர்ந்து, இனப்பெருக்கம் செய்து, சோதனையில் தெரிய ஆறு ஏழு மாதங்கள் ஆகும். அதற்கு முன் எடுத்த சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று பொருளாகாது. புழுக்கள் மிகக் குறைவாக இருந்தாலும், ஆண் புழுக்கள் மட்டுமே இருந்தாலும் தெரியாமல் போகலாம். உங்கள் நாய்க்கு ஐந்து வயது ஆகிறது, நுண்புழுவும் தெரிகிறது. இந்நிலையில் ஆன்டிஜென் இல்லை என்று வந்தால், அது இதயப்புழு அல்ல என்று கருதுவதற்கு வலுவான காரணம் கிடைத்துவிடும்.

இனி மாட்டு ஊசி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் நம் மலைகளில் நாய்கள் இதனால் சாவதை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். மருந்தின் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஐவர்மெக்டின் மனிதருக்கும் விலங்குக்கும் பேருதவி செய்த மருந்து. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதன் மூலப்பொருளைக் கண்டெடுத்த சதோஷி ஒமுராவும் வில்லியம் கேம்பெலும் 2015ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். 1987இல் அமெரிக்காவில் மாதம் ஒருமுறை கொடுக்கும் இதயப்புழுத் தடுப்பு மாத்திரையாக வந்ததும் இதுவே. கேடு வருவது அளவில்தான். இதயப்புழுத் தடுப்புக்கான அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். உங்கள் 20 கிலோ நாய்க்கு 120 மைக்ரோகிராம் போதும். மாட்டுக்கான ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. கணக்கிட்டால் உங்கள் நாய்க்குரிய பங்கு 0.012 மில்லி லிட்டர். எந்தச் சாதாரண ஊசிக்குழலிலும் அதை அளந்தெடுக்க முடியாது. கைக்கணக்கில் எடுக்கும் கால் மில்லி லிட்டர் அதைப் போல் இருபது மடங்குக்கும் மேலாகிவிடும். காலி (Collie) எனப்படும் மேய்ப்பு இன நாய்களிலும் அவற்றின் கலப்புகளிலும் மரபணு மாற்றம் ஒன்றினால் இந்த மருந்து மூளைக்குள் புகுந்து, தள்ளாட்டம், பார்வை மங்கல், வலிப்பு, மயக்கம், மரணம் வரை கொண்டு செல்லும். பழைய தோட்ட நாய்களில் யாருடைய இரத்தம் கலந்திருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. இரத்தத்தில் நுண்புழு நிரம்பியிருக்கும்போது மிகுந்த அளவு மருந்து கொடுத்தால் அவை ஒரே நேரத்தில் மடிந்து, நாய் சில மணி நேரத்தில் அதிர்ச்சி நிலைக்குச் செல்லலாம். யானைக்கால் நோய்த் தடுப்புக்காக அரசு வழங்கும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். முற்காலத்தில் அதையே நாய்களுக்கு நாள்தோறும் தடுப்பாகக் கொடுத்தார்கள். ஆனால் நுண்புழு உள்ள நாய்க்கு அதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்த பின்னரே தொடங்குவார்கள்.

குளிரைப் பற்றிச் சொன்னவர்களின் பேச்சில் பாதி உண்மை உள்ளது. நோயுள்ள நாயின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் உடலுக்குள் நுண்புழு வளர்ந்து, அடுத்த நாய்க்குத் தொற்றும் பருவத்தை எட்டியாக வேண்டும். 14 டிகிரி செல்சியசுக்குக் கீழ் அந்த வளர்ச்சி நடப்பதில்லை. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு டிகிரியையும் நாள்தோறும் கூட்டி வந்து 130 ஆகும்போது வளர்ச்சி முடிகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சராசரி 27 டிகிரி உள்ள சமவெளியில் பத்து நாட்களில் முடிந்துவிடும்; 20 டிகிரியில் மூன்று வாரங்களுக்குச் சற்று மேல் ஆகும்; 17 டிகிரியில் நாற்பது நாட்களைத் தாண்டும். கொசு பொதுவாக ஒரு மாதம் வாழ்வதே அரிது. எனவே 2,100 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானல் நகரிலும் மேல்மலை ஊர்களிலும் இந்நோய் உள்ளூரிலேயே பரவுவது கடினம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் முதலிய கீழ்மலை ஊர்கள் அவற்றைவிடப் பல நூறு மீட்டர் தாழ்ந்தும் வெதுவெதுப்பாகவும் உள்ளன. தோட்டத்தில் நிழலும் தேங்கிய நீரும் உண்டு. அங்கே குளிரை நம்பியிருக்க முடியாது. வத்தலக்குண்டு சந்தைக்கோ அய்யம்பாளையத்து உறவினர் வீட்டுக்கோ வண்டியில் ஏறிப் போய்வரும் நாய்க்கு மலையின் உயரம் எந்தக் காப்பும் தராது.

நாயிலிருந்து நாய்க்கு நேரடியாக இது ஒட்டாது. ஒரே தட்டில் உண்டாலும், கடித்துக்கொண்டாலும், நக்கினாலும் பரவாது. இடையில் கொசு வேண்டும். மருந்து ஏதும் தொடங்குவதற்கு முன் முடிவுகளை இங்கே எழுதுங்கள், தம்பி.


பதில்: செண்பகனூர் ஆசிரியை

மருத்துவர் ஐயா விளக்கியதற்கு மேல் நான் மருத்துவம் பேசப் போவதில்லை. இதயப்புழு உறுதியானால் வீட்டில் எப்படி இருக்கும் என்பதை மட்டும், அதைக் கடந்து வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் லாப்ரடார் சென்னையில் வளர்ந்து, வளர்ந்த நாயாகவே எங்களிடம் வந்தது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் மேட்டில் நாலடி ஏறினாலே நின்று இருமியது, மூச்சிரைத்தது. முதலில் மலைக்குப் பழகவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆன்டிஜென் சோதனையில் இதயப்புழு உறுதியாயிற்று. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் தமனிகள் பருத்திருந்தன. வளர்ந்த புழுக்களைக் கொல்வதற்கென்றே உள்ள மெலார்சோமைன் ஊசியே முதல் தேர்வு என்றும், முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாட்களில் இரண்டு ஊசிகள் என மூன்றாகப் பிரித்து முதுகுத் தசையில் ஆழமாகப் போடுவார்கள் என்றும் எங்கள் மருத்துவர் விளக்கினார். எங்களுக்கு அந்த மருந்து கிடைக்கவில்லை. ஆகையால் ஒரு மாதம் டாக்ஸிசைக்ளினும், மாதந்தோறும் கழுத்தின் பின்புறத் தோலில் விடும் மாக்ஸிடெக்டின் சொட்டு மருந்தும், தொடக்கத்தில் அளவு குறைத்துக்கொண்டே வந்த பிரட்னிசலோன் என்ற அழற்சி அடக்கும் மருந்தும் கொடுத்தோம். இது மெதுவான வழி; ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், அவ்வளவு காலமும் புழுக்கள் உள்ளேயே இருந்து தமனிகளைக் கெடுத்துக்கொண்டிருக்கும் என்பதை அவர் மறைக்காமல் சொன்னார்.

டாக்ஸிசைக்ளின் எதற்கு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. இதயப்புழுவின் உடலுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. புழுவின் உயிர்ப்பும் இனப்பெருக்கமும் அதைச் சார்ந்தவை. அந்தப் பாக்டீரியாவை ஒழித்தால் புழு தளர்ந்துவிடும், பின்னர் மடியும்போது நாயின் உடலில் ஏற்படும் அழற்சியும் குறையும். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் நாய் வாந்தி எடுக்கும். உணவோடு கொடுத்து, மேலே சிறிது நீரும் குடிக்க வைக்க வேண்டும்.

மருந்துகளைவிடக் கடினமானது ஓய்வு. மடியும் புழுக்கள் துண்டுகளாகி நுரையீரலின் சிறு நாளங்களில் போய் அடைக்கும். நாய் ஓடினால் இரத்த ஓட்டம் மிகுந்து அந்த அடைப்பு உயிரைக் குடிக்கும். ஆகவே சமையலறைக்கு அடுத்த சிறு அறையை அதற்கென ஒதுக்கினோம். சிறுநீர் கழிக்க மட்டும் குட்டையான வாரில் பிடித்து மெல்ல வெளியே அழைத்துச் செல்வோம். குரங்குகள் வரும் நேரத்தில் சன்னல் திரையை இழுத்து மூடிவிடுவோம், ஏனெனில் அவற்றைக் கண்டாலே அது எம்பிக் குதிக்கும். இரவில் அது ஆழ்ந்து உறங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்து வைத்தேன். முப்பதுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, தொடர்ந்து அதற்கு மேல் ஏறினால் உடனே அழையுங்கள் என்பது மருத்துவரின் சொல். ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போய், நாய் திடீரெனச் சரிந்தால், புழுக்கள் இதயத்தின் வாயிலையே அடைத்துவிட்டன என்று பொருள். அப்போது கழுத்து நாளம் வழியாக அறுவை செய்து புழுக்களை வெளியே எடுப்பதைத் தவிர வழியில்லை என்றும் எச்சரித்திருந்தார். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. இப்போது அது நலமாக இருக்கிறது.

தோட்டக்காரர் அவர்களே, உங்கள் நாயைப் பரிசோதனை முடிவு வரும்வரை இரவில் பன்றியைத் துரத்த விடாதீர்கள். இதயப்புழுவாக இருந்தால் அந்த ஓட்டமே அதற்கு ஆபத்து. இல்லையென்றால் சில நாள் கட்டிவைத்ததால் குறையொன்றும் இல்லை.


பதில்: கூடலூர் வாசகர்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர்ப் பகுதி ஊட்டியைவிட வெகுவாகத் தாழ்ந்தது, வயநாட்டை ஒட்டியது. இங்கே மழைக்காலம் முடிந்ததும் கொசு மிகுதி. எங்கள் தேயிலைத் தோட்டத்து நாய்கள் இரண்டின் இரத்தத்திலும் நுண்புழு தெரிந்தது; வயநாட்டில் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டியபோது ரெப்பென்ஸ் என்றார்கள். ஆகவே மருத்துவர் ஐயா சொன்னதை எங்கள் பக்கத்து அனுபவமும் ஒத்திருக்கிறது.

குழந்தைகளைப் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் விடை கூறவில்லை. ரெப்பென்ஸ் இதயத்தைத் தாக்காது என்பதால் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடக் கூடாது. நாயைக் கடித்த கொசு மனிதரைக் கடித்தால் அந்த இளம்புழு மனித உடலிலும் நுழையும். பெரும்பாலும் அது வளராமல் மடிந்துவிடும். சிலருக்கு மட்டும் தோலடிக் கட்டியாகவோ, கண்ணின் வெள்ளைப் பகுதியில் நெளியும் புழுவாகவோ தென்படும். கேரளத்தில் கண் மருத்துவர்கள் இத்தகைய புழுக்களை எடுத்த நிகழ்வுகள் பல பதிவாகியுள்ளன. கண் மருத்துவர் சிறு அறுவையில் புழுவை முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். மனிதரிடமிருந்து அது மேலும் பரவுவதும் இல்லை. நாயைத் தொடுவதாலோ அதனோடு விளையாடுவதாலோ குழந்தைகளுக்கு இது வராது. எனவே நாயை வீட்டைவிட்டு ஒதுக்குவதில் பயன் இல்லை. நாயின் இரத்தத்தில் உள்ள நுண்புழுவை ஒழிப்பதும் கொசுவைக் குறைப்பதுமே குழந்தைகளுக்கான காப்பு.

கொசுவுக்கு மருந்தடிப்பதைவிடத் தண்ணீரைத் தேட வேண்டும். எங்கள் தோட்டத்தில் தேடியபோது நீர் தேங்கிய இடங்கள் எவை என்று கண்டு வியந்தோம்: நாற்றுப் பண்ணையின் கிழிந்த தார்ப்பாய் மடிப்பு, வெட்டிய மூங்கிலின் அடித்தூர், மரப்பொந்து, பயன்படுத்தாத மருந்துத் தெளிப்பான், நாய்க்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டி. உங்களுக்குக் காப்பிப் பழம் கழுவும் தொட்டியும் இருக்கும். பழப் பருவம் முடிந்தபின் அதில் தேங்கும் நீரை யாரும் நினைப்பதில்லை. வாரம் ஒருமுறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும். கவிழ்க்க முடியாத தொட்டிகளில் கப்பி மீன் விட்டோம்.


கீழ்மலைத் தோட்டக்காரர் மீண்டும் எழுதியது

மருத்துவர் ஐயாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் கூடலூர் நண்பருக்கும் நன்றி. மாட்டு ஊசியைத் தொடவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடமும் அளவுக் கணக்கை எழுதிக் காட்டினேன், இனிமேல் தாமும் போடுவதில்லை என்றார்.

கல்லூரி மருத்துவமனையில் மாலை நேரத்தில் இரத்தம் எடுத்தார்கள். மூத்த நாய்க்கு ஆன்டிஜென் இல்லை. நாட் சோதனையில் நுண்புழுக்கள் இருந்தன. நீளத்தையும் வாலையும் பார்த்து ரெப்பென்ஸ் என்று எழுதியிருக்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் குறை ஏதும் இல்லை. வயிற்றுப் பக்கக் கட்டியில் ஊசி வைத்து நீர் எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்றார்கள். பெண் நாய்க்கு இரண்டு சோதனையிலும் ஒன்றும் இல்லை. குட்டிக்குச் சோதனை இப்போது தேவையில்லை என்றார்கள். மூன்றுக்கும் மாதந்தோறும் மருந்து சொல்லியிருக்கிறார்கள். இதயப்புழு இல்லை என்றான பிறகும் இதயப்புழுத் தடுப்பு மருந்து எதற்கு என்பதும், மழையும் குளிரும் மிகுந்த மாதங்களில் நிறுத்தலாமா என்பதும் எனக்கு விளங்கவில்லை. வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. நாய்க்கான கொசு விரட்டிச் சொட்டு மருந்தை அதற்கும் விடலாமா?


பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பெரியகுளம்

நல்ல செய்தி, தம்பி. கடைசிக் கேள்விக்கு முதலில் விடை: விடக் கூடாது. நாய்க்கான பல கொசு, உண்ணி விரட்டிகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு அது நஞ்சு. நடுக்கமும் வலிப்பும் வந்து இறந்துவிடலாம். நாய்க்கு அத்தகைய மருந்து விட்ட அன்று பூனையை அதனோடு படுக்க விடுவதும் தவறு. பூனைக்கென அச்சிட்ட மருந்தை மட்டுமே பயன்படுத்துங்கள். பூனைக்கும் இதயப்புழு வரலாம், அதைக் கொல்லும் மெலார்சோமைன் பூனைக்கு ஆகாது என்பதால், அதற்கு இருக்கும் ஒரே வழி தடுப்பு.

மூத்த நாய்க்குச் சொன்ன மாதாந்திர மருந்து தடுப்பு மட்டுமன்று, சிகிச்சையும் ஆகும். இமிடாகுளோபிரிடும் மாக்ஸிடெக்டினும் சேர்ந்த சொட்டு மருந்தை ஆறு மாதம் தொடர்ந்து விட்டால், தோலடியில் உள்ள ரெப்பென்ஸ் புழுக்களும் இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களும் ஒழியும். முதல் முறை விடும்போது அன்று முழுவதும் நாயை உங்கள் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, மூச்சுத் திணறல், தள்ளாட்டம் கண்டால் உடனே கொண்டு செல்லுங்கள். நாக்கு எட்டாத இடமாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே மயிரை விலக்கித் தோலின்மேல் விட வேண்டும். உலரும்வரை குழந்தைகள் தடவக் கூடாது, மற்ற நாய்களும் நக்கக் கூடாது. முன்பு உண்ணிக் காய்ச்சலுக்காகக் கொடுத்த டாக்ஸிசைக்ளின் வீணாகவில்லை. ரெப்பென்ஸ் புழுவுக்குள்ளும் வோல்பாக்கியா உண்டு.

தடுப்பு மருந்துகள் வேலை செய்யும் முறையை அறிந்துகொண்டால் மற்ற ஐயங்கள் தீரும். ஐவர்மெக்டின், மில்பெமைசின், செலமெக்டின், மாக்ஸிடெக்டின் ஆகிய எல்லாமே ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை வரப்போகும் கொசுக்கடியைத் தடுப்பதில்லை. கடந்த முப்பது நாட்களில் உள்ளே புகுந்து தோலடித் திசுக்களில் வளர்ந்துகொண்டிருக்கும் இளம்புழுக்களை, அவை இரத்த நாளத்தை எட்டும் முன் கொன்றுவிடுகின்றன. இரண்டு மாதம் தாண்டிய புழுவை இவற்றால் எளிதில் கொல்ல முடிவதில்லை. இதனால்தான் மாதம் தவறக் கூடாது என்று வற்புறுத்துகிறோம். தவறிவிட்டால் நினைவு வந்த அன்றே கொடுத்து, ஆறு மாதம் கழித்து ஆன்டிஜென் சோதனை செய்ய வேண்டும். இன்றைய முடிவில் இதயப்புழு இல்லை என்பது, கடந்த அரையாண்டுக்கு முன்பு வரை தொற்றவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ரெப்பென்ஸைச் சுமக்கும் கொசு உங்கள் தோட்டத்தில் இருக்கிறது என்று இப்போது உறுதியாகிவிட்டது. வெளியூரிலிருந்து இதயப்புழு உள்ள நாய் ஒன்று வந்து சேர்ந்தால் அதே கொசுக்கள் அதையும் சுமக்கும். செண்பகனூர் அம்மாவின் லாப்ரடார் சென்னையிலிருந்து வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மலை ஊர்களில் விடுதிகளும் விடுமுறை வீடுகளும் பெருகி, எல்லாத் திசைகளிலிருந்தும் நாய்கள் வந்து போகும் காலம் இது.

மேல்மலையில் குளிர்மாதங்களில் நிறுத்தினால் பெரிய கேடு வராது என்று வாதிடலாம். கீழ்மலையில் நிறுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மார்கழிக் குளிரில் கொசு குறையும். அடுப்பங்கரைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் பக்கத்தில் ஒதுங்கியிருக்கும் கொசு மறையாது. நிறுத்திய மருந்தை மீண்டும் தொடங்க மறப்பவர்களே மிகுதி. செலவு சுமையாக இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாயின் எடைக்குச் சரியாக வரும் மலிவான மாத்திரையை அவர் தேர்ந்தெடுத்துத் தருவார். பெரிய நாயின் மாத்திரையை உடைத்துக் குட்டிக்குப் பங்கிடுவது மட்டும் கூடாது, ஏனெனில் மருந்து மாத்திரை முழுவதும் சமமாகப் பரவியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. குட்டி வளர வளர ஒவ்வொரு மாதமும் எடை பார்த்து அளவை மாற்ற வேண்டும். எட்டு வாரத்திலிருந்தே தடுப்பைத் தொடங்கலாம் என்பதால் மூன்று மாதக் குட்டிக்கு இது முன்கூட்டிய வயது அன்று. ஏழு மாதத்துக்குக் கீழ் உள்ள குட்டிக்கு முன்சோதனை வேண்டாம் என்று அவர்கள் கூறியது சரியே.

மூத்த நாயை இனிக் கட்டிவைக்கத் தேவையில்லை. பழையபடி ஓடட்டும். வயிற்றுப் பக்கக் கட்டி பெரிதானாலோ, புதிய கட்டிகள் தோன்றினாலோ காட்டுங்கள். ஆறாவது மாத மருந்து முடிந்ததும் அதற்கு நாட் சோதனையை மீண்டும் செய்யச் சொல்லுங்கள்; நுண்புழு இன்னும் தெரிந்தால் சிகிச்சையை நீட்டிப்பதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். பெண் நாயையும் அதே நாளில் கூட்டிச் சென்று ஆன்டிஜென் சோதனையை மறுமுறை செய்துவிடுங்கள். குட்டிக்குத் தடுப்பு தொடங்கி ஆறு மாதம் கழித்து முதல் சோதனை செய்ய வேண்டும்.